வேலூரிலிருந்து மொரிஷியஸுக்கு: எரிமலைத் தீவில் முதல் விடுமுறை

கோடை விடுமுறை என்றால் ஏலகிரி, கையில் கொஞ்சம் காசு இருந்தால் புதுச்சேரி என்றிருந்தது நம் வேலூர்ப் பக்கம். இப்போது சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் இருக்கிற குடும்பங்கள் மொரிஷியஸுக்கு டிக்கெட் விலை விசாரிக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பலரும் ஓட்டலுக்கு முன்னால் இருந்த கடலைப் பற்றி மட்டுமே சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து போய் ஒரே கடற்கரையில் ஏழு நாளைக் கழித்துவிட்டுத் திரும்புவதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. மொரிஷியஸ் எரிமலை கட்டிய தீவு. அதன் வயிற்றுப் பகுதியை முதலில் பார்த்துவிட்டு அதன்பின் கடலுக்கு இறங்கினால், எந்தக் கரையில் குளிக்கலாம், எதில் கால் வைக்கக் கூடாது, மணல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். இந்தக் கட்டுரையை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

எப்போது போவது

அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர்காலம் நெருங்குகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெப்பமும் மழையும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் அதிகம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான பருவம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு மே மாதத்தையே சொல்வேன். வேலூர் 40 டிகிரியைத் தாண்டி அனல் வீசும் நாட்களில் அங்கே வெயில் தணிந்திருக்கும், கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் கிழக்குக் கரையில் அறை எடுத்துவிட்டுக் குளிரிலும் காற்றிலும் அவதிப்பட வேண்டாம். மலைகளின் மறைவில் இருக்கும் மேற்குக் கரையும், வடமேற்குக் கரையும் அப்போது அமைதியாக இருக்கும்.

புயல் பருவத்தில்தான் போக முடியும் என்றால், எச்சரிக்கை நிலைகள் 1 முதல் 4 வரை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 3 அறிவித்துவிட்டால் வெளியே போகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

காகித வேலை

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து, நாள் குறித்துக்கொண்டு, அசல் ஆவணங்களோடு போக வேண்டும். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அது எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குமேல் மிச்சமிருந்தால் எந்த இடத்திலும் கேள்வி எழாது.

சுற்றுலா போகும் இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா எடுக்கும் வேலை இல்லை. இறங்கியதும் குடியேற்ற அதிகாரி அனுமதி தருவார். ஆனால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகிய மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். புறப்படுவதற்குமுன் மொரிஷியஸ் அரசின் இணையவழிப் பயணப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். அறைக் கட்டணத்தில் சுற்றுலா வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று ஓட்டல்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. பெரியவர்களுக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கடையில் வாங்கிய அட்டையிலேயே கொண்டு போங்கள். கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. மாம்பழம், கறிவேப்பிலை, விதை, செடி எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. மின்சிகரெட்டுக்கும் அனுமதி இல்லை. பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், வீட்டில் இருக்கிற துணிப்பை நான்கை மடித்து வையுங்கள்.

போகும் வழி

சென்னையிலிருந்து உங்கள் தேதிக்கு நேரடி விமானம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் மும்பை வழி. மும்பையிலிருந்து ஏர் மொரிஷியஸ் நேரே போகிறது, பயணம் ஏறத்தாழ 6 மணி நேரம். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையத்துக்குப் போய்விடலாம். பெட்டிகள் அதிகமென்றால் வேலூரிலிருந்து கார் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. அங்கே இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள்.

மொரிஷியஸ் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ இரண்டு இந்திய ரூபாய், சற்றுக் குறைவாகவே இருக்கும். யூரோவோ டாலரோ கொஞ்சம் கையில் கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் நம் யுபிஐ, ரூபே சேவைகள் அங்கே தொடங்கின. ஆனாலும் எல்லாக் கடைகளிலும் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மாற்றிய நோட்டை உடனே பர்ஸில் செருகிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் எழுத்து, தமிழ் எண். நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் மொரிஷியஸ் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனுடையது. 1998-இல் தமிழுக்கு மேலே இந்தியை வைத்து நோட்டு அச்சிட்டபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி வெளியிட்டது. கடல் கடந்து எத்தனையோ தலைமுறை ஆன பின்னும் அந்த மக்கள் விட்டுக்கொடுக்காமல் காத்த இடம் அது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

முதல் இரண்டு நாள்: எரிமலையின் வாய்க்கு

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. தீவின் நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர் அளவில்தான். முதல் தங்கலை மேற்கே ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் வைத்துக்கொண்டால் உள்நாட்டு மலைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம்.

முதல் காலை கியூர்பிப் ஊருக்குப் போங்கள். அங்கே ட்ரூ ஓ செர்ஃப் என்கிற எரிமலை வாய் இருக்கிறது. குறுக்களவு 300 மீட்டருக்கு மேல், ஆழம் ஏறத்தாழ 80 மீட்டர். இன்று உள்ளே மரங்கள் அடர்ந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. விளிம்பைச் சுற்றி நல்ல சாலை போட்டிருப்பதால் வயதானவர்களும் நடக்கலாம். மேகம் மூடுவதற்குமுன், காலை 8 மணிக்குள் போனால் தூரத்து மலைமுகடுகள் வரை தெரியும்.

அங்கே நின்றுகொண்டு நம் ஊர் மலைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஜவ்வாது மலைப் பாறைகளின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மொரிஷியஸ் கடலுக்கு மேலே எழுந்து ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பூமியின் ஆழத்தில் ஒரே இடத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு வெப்பப் புள்ளிக்கு மேலே கடலடித்தளம் மெல்ல நகர்ந்து போகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன்மேல் இருந்தபோது கொட்டிய எரிமலைக் குழம்புதான் தக்காணத்தின் கரும்பாறைகள். பிறகு மொரிஷியஸ். இப்போது அந்த வெப்பப் புள்ளி பக்கத்துத் தீவான ரியூனியனுக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் அங்குள்ள எரிமலை இன்றும் அடிக்கடி பொங்குகிறது. மொரிஷியஸில் எரிமலை அடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன, பயப்பட ஒன்றுமில்லை.

கியூர்பிப்பிலிருந்து கிராண்ட் பாசன், அதாவது கங்கா தலாவ். எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரியின் கரையில் கோயில்கள் எழுந்திருக்கின்றன. 33 மீட்டர் உயரச் சிவன் சிலையைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். மகா சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் நடந்தே இங்கு வருகிறார்கள். அந்த வாரத்தில் கார் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் போனால் நகர முடியாது. மேட்டுநிலம் என்பதால் குளிரும் தூறலும் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

இரண்டாம் நாள் ஷமரேல். அங்குள்ள ஏழு வண்ண மண்ணுக்குத்தான் எல்லாரும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். எரிமலைப் பாறை வெயிலிலும் மழையிலும் இற்றுக் களிமண்ணாகி, அதில் மிஞ்சிய இரும்பும் அலுமினியமும்தான் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று நிறம் காட்டுகின்றன. நண்பகலில் நிறம் வெளிறித் தெரியும், காலையிலேயே போங்கள். அருகிலுள்ள அருவியையும் அதே டிக்கெட்டில் பார்க்கலாம். திரும்பும் வழியில் பிளாக் ரிவர் மலைக்காட்டின் காட்சி மேடையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

இந்தப் பயணத்தில் கரும்புத் தோட்டங்களைக் கடக்கும்போது வண்டியை ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். வயலின் நடுவே கருங்கற்கள் கோபுரம் கோபுரமாகக் குவிந்திருக்கும். கிட்டே போய் ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள். மேலெல்லாம் சிறு சிறு துளைகள், குழம்பு ஆறும்போது வாயு வெளியேறிய தடம். கரும்பு நடுவதற்காக அந்தக் கற்களை நிலத்திலிருந்து பெயர்த்துச் சுமந்து குவித்தவர்கள் அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும். அதில் தமிழ்க் கைகளும் உண்டு. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அந்தக் கற்குவியல் இல்லை. அந்தத் தீவில் எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள் என்று நான் சொல்வேன்.

கடலில் இறங்குவதற்கு முன்

எரிமலைத் தீவின் ஓரத்தில் பவளம் வளர்ந்து, தீவைச் சுற்றி ஒரு வேலிபோலப் பவளப் பாறை எழுந்திருக்கிறது. பெரிய அலைகள் அந்த வேலியில் மோதி உடைகின்றன, உள்ளே குளம்போல் அமைதியான நீர். நீங்கள் குளிக்கப் போவது அந்தக் குளத்தில்தான். வெள்ளை மணல் பவளமும் சிப்பியும் பொடிந்து வந்ததே, எரிமலைக் கல் அல்ல.

வேலி எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் உயிர் காக்கும் கேள்வி. பவளத்துக்கு நல்ல தண்ணீர் ஆகாது. அதனால் ஆறு கடலில் கலக்கும் இடங்களில் பவளம் வளராமல் இடைவெளி விழுந்திருக்கும். உள்ளே வந்த கடல்நீர் எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வேகமாக வெளியேறும். ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலும், நீர் கருநீலமாக நீண்டு தெரியும் இடத்திலும் இறங்க வேண்டாம். மிதவைகள் கட்டி எல்லை குறித்த பகுதிக்குள்ளேயே இருங்கள், அதற்கு வெளியே படகுகள் ஓடும்.

நம் பக்கத்து ஆண்கள் பலரும் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். ஆழத்துக்குப் பயப்பட மாட்டார்கள். ஆனால் கிணற்று நீர் நம்மை எங்கும் இழுத்துப் போகாது, கடல் நீர் இழுக்கும். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும்.

ரப்பர் அடிவைத்த கடல் செருப்பை ஒவ்வொருவரும் வாங்கியே ஆக வேண்டும். அங்கே கடைகளில் கிடைக்கும். நீரடியில் கடல் முள்ளெலிகளும், கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் கல்மீனும் உண்டு. கல்மீனின் முள்ளில் கடும் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 114, காவல்துறை 999.

எந்தக் கரை, எதற்கு

சிறு பிள்ளைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இருந்தால் வடமேற்கே ட்ரூ ஓ பிஷ், மோன் ஷுவாசி. ஆழம் மெதுவாகத்தான் கூடும், நிழலுக்குச் சவுக்கு மரங்கள் உண்டு. வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்கள் பாத்திரத்தோடு வந்து சமைத்துச் சாப்பிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். கடற்கரைகள் பொதுச் சொத்து. ஓட்டலுக்கு முன்னால் இருக்கிறது என்பதால் கடலோரத்தில் உங்களை யாரும் விரட்ட முடியாது.

பவளத்தைப் பார்க்கத் தென்கிழக்கே புளூ பே கடல் பூங்கா. முகமூடி மாட்டி நீந்தத் தெரியாதவர்கள் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிக்கொள்ளலாம், நம் வீட்டுப் பாட்டி தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற கப்பல் இந்தக் கரைக்குச் சற்று வடக்கே பவளத்தில் மோதி எண்ணெய் கசிந்தது. கரும்புத் தோகையையும் துணியையும் வைத்து மிதவை தைத்து, அந்த எண்ணெயைத் தடுக்க முதலில் ஓடியவர்கள் சாதாரண ஊர் மக்கள். அதனால் அங்கே பவளத்தின்மேல் நிற்கிறவர்களைப் பார்த்தால் படகோட்டிக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். பவளமோ சிப்பியோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

கிழக்கே பெல் மார் நீண்ட வெண்மணல் கரை. அருகிலுள்ள ட்ரூ தோ தூஸிலிருந்து படகில் இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போகலாம், நெரிசலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தென்மேற்கே லெ மோர்ன் மலை 556 மீட்டர். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை என்பதால் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஏறுவதானால் விடியலில், வழிகாட்டியோடு. கடைசிப் பகுதி செங்குத்து, சறுக்கும். கடலுக்கடியில் அருவி என்று படங்களில் வருவது இந்த மலையடிக் கடல்தான். மணல் சரிந்து ஆழத்தில் இறங்குவது அருவிபோலத் தோன்றுகிறது. வானிலிருந்து பார்த்தால்தான் தெரியும், கரையில் நின்று தேட வேண்டாம்.

தெற்கே க்ரி க்ரி கடற்கரையில் பவள வேலி இல்லை. இந்தியப் பெருங்கடல் நேராகக் கரும்பாறையில் வந்து மோதும். குளிக்கவே கூடாது, பார்க்க மட்டும். எனக்கு அந்தத் தீவிலேயே பிடித்த கடற்கரை அதுதான், ஏனென்றால் வேலி இல்லாவிட்டால் அந்தத் தீவு எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்ணால் காணலாம். பக்கத்தில் ரோசெஸ்டர் அருவி. குழம்பு ஆறி வெடித்துத் தூண் தூணாக நிற்கும் கருங்கல்லின்மேல் தண்ணீர் விழுகிறது.

தமரின் விரிகுடாவில் விடியற்காலையில் டால்ஃபின் பார்க்கப் படகுகள் போகும். கூட்டமாகத் துரத்தும் படகைத் தவிர்த்து, தள்ளி நின்று காத்திருப்பதாகச் சொல்லும் படகோட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

போர்ட் லூயிக்கு ஒரு வேலை நாள்

தலைநகருக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதி ஊர் மூடிக்கிடக்கும். துறைமுகத்தருகே ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் கிட்டத்தட்ட 5 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய இடம். அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்னும் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். கல்குவியலைப் பார்த்த பிறகு இங்கே வந்தால் அந்தப் படிகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

நகரின் ஓரத்தில் கைலாசன் கோயில் என்று எல்லாரும் சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் காவடி எடுத்துப் பழகியவர்கள் தைப்பூசச் சமயத்தில் போனால் மனம் நிறைந்து வருவார்கள். அங்கே தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை. கோயிலில் சந்திப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் பேசுவார்கள். வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அவர்களுடைய தமிழைத் திருத்த வேண்டாம்.

சாப்பாடு

சைவக்காரர்களுக்கு அங்கே கவலையே இல்லை. தெருவோர வண்டியில் டால் பூரி கேளுங்கள். வேகவைத்து மசித்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய பூரி, இரண்டு இரண்டாகத் தருவார்கள். உள்ளே மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, ஊறுகாய், மிளகாய்ச் சட்னி வைத்துக் காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். காரம் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடலைப் பருப்பில் தட்டும் மிளகாய் வடையைச் சூடாகச் சாப்பிட வேண்டும். தமிழ் வீட்டுக் கல்யாணத்துக்கோ கோயில் விருந்துக்கோ யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள், வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு ஹலால் கடைகள் தாராளமாக இருக்கின்றன. அந்த ஊர் பிரியாணியில் உருளைக்கிழங்கு கிடக்கும், அதை ஆம்பூர் பிரியாணியோடு ஒப்பிடாமல் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும்.

சுற்றுவது எப்படி

நம்மைப்போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள ஓட்டுநர் உரிமம் இருந்தால் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். கிராமத்துச் சாலைகள் குறுகல், இருபுறமும் கரும்பு ஆளுயரம் நிற்பதால் வளைவில் எதிரே வருவது தெரியாது. இரவில் ஓட்ட வேண்டாம். பஸ்கள் மலிவு, எல்லா ஊருக்கும் போகும், ஆனால் மாலை ஆறரைக்கு மேல் கிராமங்களுக்குக் கிடைப்பது அரிது. போர்ட் லூயிக்கும் கியூர்பிப்புக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடுகிறது. டாக்சி என்றால் ஏறுவதற்குமுன் மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

கடைசி இரவை மேபூர் அல்லது புளூ பே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விமான நிலையம் மிக அருகில். திங்கட்கிழமையாக அமைந்தால் மேபூர்ச் சந்தைக்கும் போகலாம். வாங்கி வர வெனிலா மணக்கும் தேயிலையும் பழுப்புச் சர்க்கரையும் போதும். ஜாடிகளையும் பாட்டில்களையும் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.